சுடுதளத்துக்கு நாயுடன் போகும் முன் செய்ய வேண்டியவை

போன வசந்த காலத்தில், டெக்ஸஸில் டல்லஸ் நகருக்கு வெளியே உள்ள ஒரு திறந்தவெளித் துப்பாக்கிச் சுடுதளத்தின் வாகன நிறுத்துமிடத்தில் சிட்டுவைப் பார்த்தேன். மூன்று வயது லாப்ரடார். பிக்கப் வண்டிக்கு அடியில் புகுந்து, பின்சக்கரத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கிப் புழுதியைத் தொட்டது. என் நண்பர் தரையில் குப்புறப் படுத்து, வேகவைத்த கோழித்துண்டை நீட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் கோழி வாசம் வந்தாலே அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வரும் நாய், அன்று கண்ணைக்கூடத் திருப்பவில்லை. உள்ளே ஒவ்வொரு வெடி கேட்கும்போதும் அதன் விலாவில் ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.

நண்பர் கெட்ட எண்ணத்தில் அழைத்து வரவில்லை. சனிக்கிழமை முழுக்க வீட்டில் தனியே பூட்டிவைக்க மனம் வரவில்லை. லாப்ரடார் வேட்டைக்காரர்கள் வளர்த்த இனம்தானே, சத்தம் பழகிவிடும் என்று நம்பினார். பழகவில்லை. அன்று இரவு குக்கர் விசில் அடித்ததும் சிட்டு குளியலறைக்குள் ஓடியது. ஒரு வாரத்தில் காரில் ஏறவே மறுத்தது.

அதன்பின் ஐந்து மாதங்கள் நண்பரும் நானும் அந்த நாயோடு உட்கார்ந்து பாடுபட்டோம். கால்நடை மருத்துவரிடம் கேட்டதும், வேட்டை நாய்களைப் பழக்குகிறவர்களிடம் பார்த்துக் கற்றதும் கீழே உள்ளவை. சுருக்கம் இதுதான்: நாயைச் சத்தத்திடம் கொண்டுபோகாதீர்கள். சத்தத்தை நாயிடம் சிறுகச் சிறுகக் கொண்டுவாருங்கள். சுடுதளம் கடைசிப் படி. பல நாய்களுக்கு அந்தக் கடைசிப் படி வேண்டவே வேண்டாம்.

படி 1: போகத்தான் வேண்டுமா?

நாய் உங்களோடு வேட்டைக்கு வரப்போகிறதா? பண்ணைக்கு அருகில் அடிக்கடி வெடிச்சத்தம் கேட்கும் இடத்தில் வசிக்கிறீர்களா? அப்படியானால் பயிற்சிக்குக் காரணம் இருக்கிறது. துணைக்கு வரட்டும் என்பது மட்டுமே காரணம் என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நல்ல எலும்பு ஒன்றும் மின்விசிறிக் காற்றும் இருந்தால் அது நிம்மதியாகத் தூங்கும்.

போவது என்று முடிவெடுத்தால், முதலில் சுடுதளத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அமெரிக்காவில் பல சுடுதளங்கள் செல்லப்பிராணிகளை அனுமதிப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்ட சேவை நாய்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மன ஆறுதலுக்காக மட்டும் வளர்க்கும் நாய்கள் அந்தச் சட்டத்தின்படி சேவை நாய்கள் ஆகா. பொய் சொல்லி உள்ளே நுழைவதை யாரும் செய்யக் கூடாது. அதில் முதலில் அடிபடுவது உங்கள் நாயின் காதுதான்.

மூடிய அரங்கச் சுடுதளம் என்றால் பேச்சே வேண்டாம். நான்கு சுவர்களிலும் மோதித் திரும்பும் சத்தமும், காற்றில் மிதக்கும் ஈயத்தூசியும் எந்த நாய்க்கும் ஆகாது.

படி 2: சத்தத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

சிறிய தோட்டா போடும் சாதாரண .22 ரைபிளின் சத்தமே உச்சத்தில் ஏறக்குறைய 140 டெசிபெல். 12 கேஜ் அளவு ஷாட்கன், அதாவது சிதறுகுண்டுத் துப்பாக்கி, 150-ஐத் தாண்டும். திடீர் வெடிச்சத்தத்துக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் மனிதக் காதுக்கு வகுத்திருக்கும் எல்லை 140 டெசிபெல். நம் ஊர்ப் பட்டாசோடு ஒப்பிட வேண்டுமானால், வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 145 டெசிபெல் உச்சத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய விதி. தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் பதுங்கும் நாயைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சுடுதளத்தில் அதே அளவு வெடி, கைக்கெட்டும் தூரத்தில், நிமிடத்துக்குப் பல முறை.

நமக்குக் கேட்கும் மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு அது சுமார் 45,000 வரை போகும். வெடியின் கூர்மையான பகுதி நம்மைவிட அதற்குத்தான் அதிகம் கேட்கிறது. உட்காதில் சத்தத்தை உணரும் அணுக்கள் சேதமடைந்தால் மனிதனுக்கும் சரி, நாய்க்கும் சரி, மறுபடி முளைப்பதில்லை.

இதில் நமக்கு உதவும் ஒரே விஷயம் தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். கீழே வரும் பயிற்சி முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

படி 3: கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்

காதில் சீழ் இருக்கிறதா, இடுப்பிலோ மூட்டிலோ வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திடுக்கிடும்போது உடல் இறுகும். வலியுள்ள நாய்க்கு அந்த இறுக்கமே அடியாக விழும். பிறகு அது சத்தத்தையும் வலியையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே இடிச்சத்தத்துக்கும் பட்டாசுக்கும் நடுங்கும் நாய் என்றால் இந்தப் பயிற்சியை நீங்களாகத் தொடங்காதீர்கள். நாய்களின் சத்தப் பயத்துக்காகவே ஈறில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து ஜெல்லுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வாணவேடிக்கை போன்ற தவிர்க்க முடியாத இரவுகளுக்கு மருத்துவர் அதை எழுதித் தரலாம். மருந்து கொடுத்துச் சுடுதளத்துக்கு இழுத்துப்போவது வேறு கதை. அதைச் செய்யவே செய்யாதீர்கள். குட்டிகளையும், கர்ப்பமாக இருக்கும் நாய்களையும், கிழ நாய்களையும் இந்தப் பேச்சிலிருந்தே விலக்கிவிடுங்கள்.

படி 4: அடுப்படியில் தொடங்குங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். தேவையானவை ஓர் எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி, நாய்க்கு உயிரான ஒரு தீனி, இரண்டு பேர்.

ஒருவர் நாயோடு கூடத்தில் இருக்கட்டும். இன்னொருவர் இரண்டு அறை தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு, தட்டைக் கரண்டியால் ஒரே ஒரு தட்டு, மெதுவாக. நாயின் காது அசையும். அசைந்த அந்த நொடியில் தீனி வாய்க்குப் போக வேண்டும். அடுத்த தட்டு ஒரு நிமிடம் கழித்தோ, மூன்று நிமிடம் கழித்தோ வரலாம். ஒரே இடைவெளியில் வேண்டாம். ஐந்தாறு தட்டோடு அன்றைய பாடம் முடிந்தது.

வரிசை மிக முக்கியம். சத்தம் முதலில், தீனி பிறகு. நாங்கள் முதல் வாரத்தில் இதைத் தலைகீழாகச் செய்தோம். நண்பர் கோழித்துண்டை எடுத்துக் காட்டிவிட்டு எனக்குச் சைகை செய்வார், நான் தட்டுவேன். நான்காம் நாள், கோழித்துண்டைக் கண்டதும் சிட்டு எழுந்து போய்விட்டது. ‘இது வந்தால் அடுத்து அந்தச் சத்தம் வரும்’ என்று அது சரியாகவே கற்றுக்கொண்டிருந்தது. முறையை மாற்றி, சத்தம் கேட்கும்வரை தீனியைப் பையிலிருந்து எடுக்காமல் இருந்தோம். பத்து நாளில், தட்டுச் சத்தம் கேட்டதும் சிட்டு நண்பரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியது. ‘எங்கே என் பங்கு?’ என்று கேட்கும் அந்தப் பார்வை வந்தால்தான் அடுத்த அறைக்கு நெருங்கலாம்.

இன்னொன்று. நாய் பயந்தாலும் தீனி கொடுங்கள், தடவிக்கொடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது பழைய நம்பிக்கை. பயந்த குழந்தையைத் தூக்கினால் அதன் பயம் கூடுவதில்லையே. ஆனால் நாய் பயந்தது என்றால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஒரு படி பின்னால் போங்கள்.

படி 5: நாயின் உடலைப் படிக்கப் பழகுங்கள்

நடுங்குவதும் வாலைக் கால்களுக்கிடையில் இடுக்குவதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே சின்ன அறிகுறிகள் வரும். பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது. எனக்கு மிகவும் உதவிய அளவுகோல் வாய்தான். தீனியை எப்போதும்போல மென்மையாக வாங்கினால் நலம். விரலையும் சேர்த்துப் பிடுங்கினால் பதற்றம். வாங்கவே மறுத்தால் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

படி 6: தூரத்து வெடி

அடுப்படிச் சத்தத்தை நாய் பொருட்படுத்தாத நிலை வந்தபின், சுடுதளத்துக்குக் குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளி, பாதுகாப்பான பக்கமாக ஒரு பூங்காவோ நடைபாதையோ இருக்கிறதா என்று பாருங்கள். சுடும் திசைக்கு நேர் எதிரே எக்காரணம் கொண்டும் நிற்காதீர்கள். சுடுபவர்களின் முதுகுப் பக்கமே நமக்கான பக்கம். வெடி ‘டப்’ என்று மங்கலாகக் கேட்க வேண்டும். அங்கே உலாவுங்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள், ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு தீனி. பத்து நிமிடம் போதும்.

இரண்டு மூன்று முறை நிம்மதியாகப் போய்வந்தபின் கொஞ்சம் நெருங்குங்கள். ஒரே நாளில் இரண்டு முறை நெருங்காதீர்கள்.

வேட்டை நாய் பழக்குகிறவர்களின் முறை கொஞ்சம் வேறு. தீனிக்குப் பதில் ஓட்டம். துணியாலான பொம்மையை வீசுவார்கள். நாய் அதை நோக்கிப் பாதி தூரம் ஓடியிருக்கும்போது, 100 மீட்டர் தள்ளி நிற்கும் உதவியாளர், குண்டில்லாமல் சத்தம் மட்டும் தரும் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியை ஒரு முறை சுடுவார். நாய்க்குப் பொம்மைதான் உலகம், வெடி எங்கோ ஓரத்தில் நடக்கும். அது பழகியபின்தான் சிறிய ஷாட்கன், கடைசியாக 12 கேஜ். இதை அனுபவமுள்ளவர் துணையில்லாமல் செய்ய வேண்டாம்.

உலகெங்கும் வேலை நாய்களுக்கு நடக்கும் ஐஜிபி (IGP) என்ற தேர்வில்கூட, 6 மி.மீ. வெற்றுத் தோட்டாவைக் குறைந்தது 15 தப்படி தள்ளி நின்றுதான் சுடுகிறார்கள். தேர்ந்த நாய்க்கே அவ்வளவு இடைவெளி தருகிறார்கள் என்றால், நம் வீட்டுச் செல்லத்தைச் சுடுமேடைக்குப் பக்கத்தில் நிறுத்துவது எந்த வகையில் நியாயம்?

படி 7: எடுத்துச் செல்ல வேண்டியவை

நாய்க்கான காதுறை. வீட்டில் பல வாரம் மாட்டிப் பழகியிருக்க வேண்டும், முதலில் ஐந்து நொடி, பிறகு ஒரு நிமிடம் என்று. சரியாகப் பொருந்தினாலும் அது சத்தத்தைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. அதை நம்பி நெருங்காதீர்கள். கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள், பயந்த நாய் கழுத்துப்பட்டையை நொடியில் உருவிக்கொண்டு ஓடிவிடும். தொலைபேசி எண் பொறித்த தகடு, மைக்ரோசிப். வீட்டுத் தண்ணீர், கிண்ணம், ஈரத்துணி.

படி 8: முதல் நாள்

இருவராகப் போங்கள். ஒருவர் சுடுவார், மற்றவர் நாயை மட்டும் கவனிப்பார். தனியாகப் போய் நாயின் கயிற்றை மேசைக்காலிலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விசையில் விரல் இருக்கும் நேரத்தில் நாய் ஒரு இழுப்பு இழுத்தால் துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை யாரால் சொல்ல முடியும்?

கூட்டமில்லாத வாரநாள் காலையில் போங்கள். நாய் சுடுமேடைக்கு வர வேண்டியதே இல்லை. வாகன நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில், கதவு திறந்த வண்டியின் நிழலில், பிடிப்பவரோடு இருக்கட்டும். பதினைந்து நிமிடம் போதும், நாய் நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

எப்படியோ கயிறு நழுவி நாய் இலக்குப் பலகைகள் இருக்கும் பக்கம் ஓடிவிட்டால், பின்னால் ஓடாதீர்கள். முதலில் ‘சீஸ் ஃபயர்!’ என்று உரக்கக் கத்துங்கள். அங்கே யார் வேண்டுமானாலும் அப்படிக் கத்தலாம். கேட்டவுடன் எல்லோரும் சுடுவதை நிறுத்தியாக வேண்டும். பொறுப்பாளர் அனுமதித்தபின்தான் சுடுபவர்கள் நிற்கும் கோட்டைத் தாண்டி ஓரடி வைக்கலாம்.

சாத்திய வண்டிக்குள் நாயை விடவே கூடாது. வெளியே 29 டிகிரி செல்சியஸ் இருந்தாலே பத்து நிமிடத்தில் உள்ளே 39-ஐத் தொடும். டெக்ஸஸ் கோடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 9: வீட்டுக்குள் நுழையும் முன்

சுடுதள மண்ணில் ஈயம் இருக்கும். நாய் அங்கே தேங்கிய தண்ணீரைக் குடிக்கக் கூடாது, தரையில் கிடக்கும் காலித் தோட்டா உறைகளை வாயில் கவ்வக் கூடாது. புதிதாக விழுந்த உறை சூடாக இருக்கும், வாயைப் பொசுக்கவும் செய்யும். நம் வீடுகளில் செருப்பை வாசலிலேயே விடுகிறோம். நாய்க்குப் பாதம்தான் செருப்பு. வாசலிலேயே நான்கு பாதங்களையும் விரலிடுக்கு உட்படச் சோப்பு நீரில் கழுவி, உடலை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உள்ளே விடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் நாயைக் குளிப்பாட்டியே ஆக வேண்டும், நீங்களும் உடை மாற்றியே ஆக வேண்டும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது. அடுத்த சில நாட்களில் நாய் வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வலிப்பு வந்தாலோ, சுடுதளத்துக்குப் போனதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிட்டு ஆறாம் படியோடு நின்றுவிட்டது. அரை கிலோமீட்டர் தூரத்துப் பூங்காவில் வெடி கேட்டால் இப்போது நண்பரின் சட்டைப்பையைப் பார்க்கிறது. அதற்கு மேல் நாங்கள் நெருங்கிப் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை. குக்கர் மூன்று விசில் அடித்து முடிக்கும்வரை அடுப்படி வாசலிலேயே படுத்திருக்கிறது. சனிக்கிழமைகளில் நண்பர் தனியாகச் சுடுதளத்துக்குப் போகிறார். போகும் வழியில் சிட்டுவை என் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்.