சைக்கிள் வாங்கியாச்சு, அப்புறம்? முதல் டிரையத்லானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லானில் இறங்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அடுத்த பேச்சு பெரும்பாலும் சைக்கிளைப் பற்றித்தான் இருக்கும். கார்பன் பிரேம் வேண்டுமா, அலுமினியம் போதுமா, சக்கரம் என்ன எடை? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று மாதச் சம்பளத்தைச் சைக்கிளில் போட்டுவிட்டு, நீச்சல் குளத்தை வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். முதல் போட்டியில் அந்தச் சைக்கிள் ஒரு குறையும் வைக்கவில்லை. காலை வாரியதெல்லாம் மூச்சு, வயிறு, அவசர புத்தி. மூன்றுக்கும் கடையில் மாற்று கிடையாது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் சறுக்குவதும் அநேகமாக அதே மூன்றில்தான்.

தூரங்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதைப் போல இரண்டு மடங்கு. அரை அயர்ன்மேன் என்பது 1.9, 90, 21.1 கிலோமீட்டர். முழு அயர்ன்மேன் அதற்கும் இரண்டு மடங்கு. 2019 அக்டோபரில் கோவாவில் அயர்ன்மேன் 70.3 போட்டி முதன்முறையாக நடந்ததிலிருந்து, நம் பக்கத்து ஆட்கள் பலர் நேராக அந்த அரை அயர்ன்மேனுக்கே பெயர் கொடுக்கிறார்கள். முதல் தவறு இதுதான். ஸ்பிரின்டில் தப்புச் செய்தால் இருபது நிமிடம் அவதிப்படுவோம். அரை அயர்ன்மேனில் செய்தால் நாலு மணி நேரம்.

தண்ணீர்

கிராமத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது. பெரிய வரம் அது. ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலேயே இருக்கும். தலை தூக்கினால் இடுப்பு தாழும், கால் கீழே தொங்கும், உடம்பே ஒரு தடுப்பாகிவிடும். ஐம்பது மீட்டருக்கு அது தெரியாது. ஆயிரம் மீட்டரில் தோள் கழன்றுவிடும். இப்படி நீந்துகிறவர்கள் வேகமாகக் கை போடுவதை விட்டுவிட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடப் பழக வேண்டும். உள்ளே மூச்சைப் பிடித்து வைத்திருந்து, தலையைத் திருப்பும் அரை நொடிக்குள் வெளியே விட்டு உள்ளேயும் இழுக்கப் பார்ப்பதால்தான் பாதிப் பேருக்கு இரைக்கிறது. சுத்தமாக நீச்சலே தெரியாத கடப்பாரை ஆட்கள் ஒருவகையில் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

அடுத்தது, குளத்துக் கணக்கை அப்படியே நம்புவது. 25 மீட்டர் குளத்தில் 1,900 மீட்டர் என்றால் 76 முறை குறுக்கே போக வேண்டும். நடுவில் 75 முறை சுவரை உதைக்கிறீர்கள். ஒரு உதைக்கு நாலு மீட்டர் என்று வைத்தாலும் 300 மீட்டர் சுவர் போட்ட பிச்சை. கடலில் சுவர் இல்லை, தரையில் கறுப்புக் கோடும் இல்லை. மிதவையைப் பார்த்துத்தான் போக வேண்டும். ஆறேழு கை போட்டதும் முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தை இறக்கும் பழக்கம் வேண்டும். இதைக் குளத்திலேயே பழகலாம். பழகாதவர்கள் முன்னால் போகிறவரின் காலைப் பார்த்தே நீந்துவார்கள். அவர் வழி தப்பினால் இவரும் சேர்ந்து தப்புவார்.

எனக்கு நடந்தது வேறு. ஹாரன் அடித்ததும் கூட்டத்தோடு நடுவில் பாய்ந்தேன். முகத்தில் ஒரு முழங்கை, வாயில் உப்புத் தண்ணீர், இருநூறு மீட்டருக்குள் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் செய்யக்கூடாதது இன்னும் வேகமாக நீந்துவது. நான் அதைத்தான் செய்தேன். மல்லாந்து மிதந்து, இருபது மூச்சு எண்ணிவிட்டு மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். காவலுக்கு நிற்கும் கயாக் என்ற சிறு படகைப் பிடித்து இளைப்பாறவும் விதியில் இடம் உண்டு, அதை வைத்து முன்னால் நகராமல் இருந்தால் போதும். இது தெரியாமல், பிடித்தால் தகுதி நீக்கம் என்று பயந்து தத்தளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புதியவர்கள் ஓரமாக, கடைசி வரிசையிலிருந்து கிளம்பினால் இழப்பது ஒரு நிமிடம்தான்.

இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் இதயம் நின்றுபோன சம்பவங்களையும் மருத்துவர்கள் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 135. அதில் மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயது ஆண்கள். அதனால் நாற்பதைத் தாண்டியவர்கள் சைக்கிள் கடைக்குப் போவதற்கு முன் இதய மருத்துவரிடம் ஒரு நடை போய்வரலாம். நீந்தும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அதைப் பதற்றம் என்று ஒதுக்காமல் உதவி கேட்டுக் கையைத் தூக்கிவிட வேண்டும்.

கடல் பயிற்சிக்குத் தனியாகப் போகாதீர்கள். மெரினாவில் குளிப்பதற்குப் போலீஸ் விரட்டுவது சும்மா இல்லை. கரையை விட்டு உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் நல்ல நீச்சல்காரர்களும் போயிருக்கிறார்கள். அதில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்துவிட்டு, அப்புறம் திரும்ப வேண்டும். கடலில் பழகிய குழுவோடு, பளிச்சென்ற நிறத்தில் ஒரு மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வெட்சூட், அதாவது உடம்பை ஒட்டிய ரப்பர் நீச்சலுடை, வாங்குகிறவர்களும் உண்டு. அது மிதக்கவைக்கும், உண்மைதான். ஆனால் அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் அதை அணிந்து பரிசுக்குப் போட்டியிட முடியாது. நம் கடலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சைக்கிளில் சம்பாதித்து ஓட்டத்தில் தொலைப்பது

தண்ணீரிலிருந்து உயிரோடு வந்த சந்தோஷத்தில் முதல் பத்து கிலோமீட்டரை எல்லோரும் பறப்பார்கள். கால் புதிதாக இருக்கும், பக்கத்தில் ஒருவர் முந்துவார், ரோஷம் வரும். கணக்கைப் பாருங்கள். 90 கிலோமீட்டரை மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மூன்று மணி பதின்மூன்று நிமிடம். 30இல் ஓட்டினால் சரியாக மூன்று மணி நேரம். மிச்சம் 13 நிமிடம். ஆனால் எதிர்க்காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி, வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். அந்த இரண்டு கிலோமீட்டர் வேகத்துக்காகக் காற்றுக்கு மட்டுமே 23 சதவீதம் கூடுதல் சக்தி கொட்டுகிறீர்கள். அதன் பலன் ஓட்டத்தில் தெரியும். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் 21.1 கிலோமீட்டர் ஓட இரண்டேகால் மணி நேரம் போதும். கால் செத்துப்போய் கிலோமீட்டருக்கு பத்து நிமிடம் என்று நடந்தால் மூன்றரை மணி. 13 நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒன்றேகால் மணி நேரத்தை விட்டாயிற்று.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடும்போது கால் மரக்கட்டை மாதிரி இருப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த உணர்வைப் போட்டியன்று முதன்முதலாகச் சந்திப்பதுதான் தவறு. வாரத்தில் ஒருநாள் சைக்கிள் ஓட்டி முடித்தவுடனே, வாட்ஸ்அப் பார்க்காமல், ஷூவை மாற்றிக்கொண்டு பதினைந்து நிமிடம் ஓடுங்கள். பிரிக் என்று சொல்வது இதைத்தான். ஏழெட்டு வாரத்தில் காலுக்குப் பழகிவிடும்.

இன்னொன்று, முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் போவது. ஈ.சி.ஆரில் ஞாயிறு காலைக் குழுவோடு ஓட்டிப் பழகியவர்களுக்கு இது அனிச்சையாக வரும். தனிநபர் டிரையத்லான்களில் பெரும்பாலும் இதற்குத் தண்டனை உண்டு. போட்டியைப் பொறுத்து 10 அல்லது 12 மீட்டர் இடைவெளி கேட்பார்கள். முந்துவதென்றால் தயங்காமல் முந்திவிட வேண்டும்.

பன்ச்சர் ஒட்டத் தெரியாமல் லட்ச ரூபாய்ச் சைக்கிளில் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? வீட்டு ஹாலில் பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, மறுபடி மாட்டிப் பாருங்கள். மூன்று முறை செய்தால் கை பழகிவிடும்.

வெயிலும் வயிறும்

நாம் பயிற்சி செய்வது விடியற்காலை ஐந்து மணிக்கு. அரை அயர்ன்மேனில் ஓட்டம் தொடங்குவதோ பத்து, பதினொரு மணிக்கு, உச்சி வெயிலில். சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து, பதினான்கு நாள் ஆகும். போட்டிக்கு முந்தைய மாதத்தில் சில ஓட்டங்களையாவது வெயில் ஏறிய பிறகு, மெதுவாக, தண்ணீரோடு வைத்துக்கொள்ளுங்கள். சூட்டின் கணக்கு தப்பினால் என்னவாகும் என்பதற்கு 2016இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்தது சாட்சி. டிரையத்லான் உலகத் தொடரின் கடைசிப் போட்டி அது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டனின் ஜானி பிரவுன்லீ முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் தள்ளாடி நின்றார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கி இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டத் தள்ளிவிட்டார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவருக்கே அந்தக் கதி.

எவ்வளவு குடிப்பது? ஊரார் சொல்லும் அளவைக் கேட்காதீர்கள். பயிற்சிக்கு முன் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிட்டுத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சிலருக்கு இது ஒன்றரை லிட்டரைத் தொடும். அதற்காக வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் உயிருக்கே உலை வைக்கும். வியர்ப்பது உப்புத் தண்ணீர் என்றால் குடிப்பதிலும் உப்பு வேண்டும்.

சாப்பாடும் அப்படித்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும் போட்டியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது தேவைப்படும். ஒரு வாழைப்பழத்தில் கிடைப்பது 25 கிராம் அளவு. வயிறு குலுங்காத சைக்கிளில்தான் இதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஓட்டத்தில் உள்ளே போவது கஷ்டம். முந்தின நாள் போட்டி அரங்கில் வாங்கிய புது ருசி ஜெல்லை, மாவுச்சத்துக் கூழ் அடைத்த பாக்கெட்டை, போட்டியில் முதன்முறை பிரித்துச் சாப்பிட்டேன். அடுத்த ஆறு கிலோமீட்டரில் எத்தனை கழிப்பறை இருந்தன என்று இன்றைக்கும் சொல்வேன். வயிற்றையும் பயிற்சியில் பழக்க வேண்டும், அதே ஜெல், அதே பேரீச்சை, அதே நேர இடைவெளி. உடம்பில் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் கார்போ லோடிங் என்ற பெயரில் முந்தின இரவு பிரியாணி வெட்டுவது வேண்டாம். தயிர் சாதம் போதும். காலையில் மூன்று மணி நேரம் முன்னதாக இட்லி. சுண்டல், கீரை எல்லாம் மறுநாளைக்கு.

சின்னதாகத் தெரிபவை

பிடித்ததையே பயிற்சி செய்வது எல்லோருக்கும் உள்ள வியாதி. ஓட்டக்காரர் ஓடுவார், சைக்கிள்காரர் மிதிப்பார். எல்லா நாளும் முழு மூச்சில் செய்வது அதைவிட மோசம். பெரும்பாலான பயிற்சி பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில்தான் இருக்க வேண்டும். நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணி வரை போன் பார்த்தால் எந்த அட்டவணையும் உதவாது. கடைசி இரண்டு வாரத்தில் பயந்துபோய்க் கூடுதலாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, அந்தப் பலன் போட்டிக்குள் வந்து சேராது. களைப்பு மட்டும் சேரும்.

சைக்கிள் நிறுத்தும் டிரான்சிஷன் இடத்தில் ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்து சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டாமல் ஏறக்கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே ஜானி பிரவுன்லீ கோட்டுக்கு முன்பே ஏறிவிட்டு 15 நொடி தண்டனை வாங்கினார். வெண்கலம் கிடைத்தது. தங்கம் அண்ணனுக்கு. உங்கள் சைக்கிள் எந்த வரிசை, எத்தனாவது என்பதை முந்தின நாளே தண்ணீரிலிருந்து வரும் வழியாக நடந்து பார்த்து வையுங்கள். ஆயிரம் சைக்கிளுக்கு நடுவே ஈரத் தலையோடு தேடும் கொடுமை வேண்டாம். அக்குள், தொடை இடுக்கு, கழுத்து எல்லாவற்றிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய துணி தோலை என்ன செய்யும் என்பது அன்று இரவு குளிக்கும்போது தெரியும்.

கோட்டைத் தாண்டியதும் பொத்தென்று உட்காராமல் பத்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். ஓடிக்கொண்டிருந்த கால் சட்டென நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். அப்புறம், சைக்கிளை எடுத்துக்கொண்டு அறை வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். கை நடுங்கும், பிரேக் பிடிக்கத் தோன்றாது. யாரையாவது வண்டியோடு வரச்சொல்லுங்கள்.