வைட்டமின் டி இதய மாத்திரை அல்ல

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 14, குறைவு என்று தடித்த எழுத்தில் வந்துவிட்டால், அதே தாளில் இருக்கும் கொலஸ்ட்ரால் கணக்கு பலர் கண்ணில் படுவதே இல்லை. டி-யை ஏற்றிவிட்டால் மாரடைப்பு வராது என்று நம்புவதுதான் முதல் தவறு.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இதயத் தசையிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் வைட்டமின் டி வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. டி குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று 2008இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வும் சொன்னது. ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள், வெளியே நடமாட முடியாதவர்கள் இவர்களுக்கெல்லாம் டி-யும் குறையும், இதய நோயும் வரும். எது எதற்குக் காரணம் என்பது கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டல் என்ற அமெரிக்க ஆய்வில் 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, சுமார் 5 ஆண்டுகள். 2018இல் முடிவு வந்தபோது மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. நியூசிலாந்தில் மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்தும் அதே கதைதான்.

ஆகவே குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் சரிசெய்யுங்கள். அதை நம்பி பிரஷர் மாத்திரையையோ கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினையோ நிறுத்தாதீர்கள்.

அடுத்தது எனக்கு இன்னும் பயமானது. 60,000 யூனிட் மாத்திரையை டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதியிருப்பார். வீட்டில் அது காலை மாத்திரை டப்பாவுக்குள் போய், தினம் ஒன்றாகிவிடும். டி கொழுப்பில் சேர்ந்து தங்கும் சரக்கு, சிறுநீரில் ஓடிவிடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வயதானவர்களுக்குக் குழப்பம், இதயத் துடிப்பில் தடுமாற்றம் என்று போகும். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் இழுக்கும். டிகாக்ஸின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தையசைடு வகை நீர் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அதுவும் கால்சியத்தை ஏற்றும். எழுதிக் கொடுத்த 8 வாரம் முடிந்ததும் பழைய சீட்டைக் காட்டி அடுத்த அட்டை வாங்குவதும் இதே வகைதான்.

வெறும் வயிற்றில் போடுவது சின்னத் தவறு. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் நன்றாக ஏறும்.

வெயிலிலும் ஒரு ஏமாற்று உண்டு. காலை 6 மணி நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் அந்த இளவெயிலில் டி உருவாக்கும் கதிர் அநேகமாக இல்லை. அதற்கு 11 மணிக்கு மேல் கை, கால், முகத்தில் நேராகக் கொஞ்ச நேரம் படவேண்டும். கார் கண்ணாடிக்குள் வரும் வெயில் கணக்கில் சேராது.