இங்கிலாந்து ஊர்ப்பெயரிலும் குடும்பப்பெயரிலும் வேர் தேடுவது எப்படி?

நாட்டிங்ஹாம் என்ற பெயரை இன்றைய எழுத்தை வைத்துப் பிரித்தால் 'நாட்' என்பதற்கு ஏதாவது ஒரு பொருளை இட்டுக்கட்டத்தான் வேண்டும். இங்கிலாந்து அரசர் எடுத்த நிலக்கணக்கான 1086-இன் டூம்ஸ்டே புத்தகத்தில் அது 'ஸ்நாட்டிங்கெஹாம்', அதாவது ஸ்நாட் என்பவனின் கூட்டத்தார் குடியிருந்த இடம். அப்போது நாட்டைப் பிடித்து ஆண்ட, பிரெஞ்சு பேசிய நார்மன்களின் நாக்குக்கு 'ஸ்ந' வரவில்லை, 'ஸ்' உதிர்ந்தது. இன்றைய ஆங்கிலத்தில் ஸ்நாட் என்றால் மூக்குச்சளி. ஊரார் நார்மன்களுக்குக் கடன்பட்டவர்கள்தான்.

ஆகவே முதல் வேலை, பழைய எழுத்துவடிவங்களை ஆண்டுவாரியாகக் குறிப்பது. வட இங்கிலாந்தின் டரம் பகுதி டூம்ஸ்டேயில் இல்லை. அதற்கு டரம் ஆயரின் நிலக்கணக்கான 1183-இன் போல்டன் புத்தகம். 1923-இல் தொடங்கிய ஆங்கில இடப்பெயர்ச் சங்கத்தின் மாவட்டத் தொகுதிகளில் இவ்வடிவங்கள் திரட்டிக் கிடைக்கும். காதில் விழுந்ததை எழுத்தர் எழுதியிருப்பார். ஒற்றை வடிவத்தை நம்பாமல் மூன்று நான்கையாவது ஒப்பிடுங்கள்.

அடுத்து ஈறு. 'டன்' பெரும்பாலும் பண்ணை அல்லது குடியிருப்பு. 'லீ' காட்டுக்குள் வெட்டவெளி. 'பி' டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் குடியேறிய ஊர், கிரிம்ஸ்பி போல. வம்பு 'ஹாம்' ஈற்றில்தான். குடியிருப்பைக் குறித்த சொல்லும் ஆற்றுவளைவு நிலத்தைக் குறித்த சொல்லும் இன்று ஒரே எழுத்தில் கலந்துவிட்டன. பழைய வடிவத்தில் ஈற்று மகரம் (m) இரட்டித்து 'mm' என்றிருந்தாலோ, வரைபடத்தில் ஆறு மூன்று பக்கமும் வளைத்திருந்தாலோ இரண்டாவதை யோசியுங்கள்.

ஆற்றின் பெயரும் ஏமாற்றும். கேம்பிரிட்ஜ் முதலில் கிராண்டா ஆற்றுப் பாலம். ஊர்ப்பெயர் திரிந்த பிறகு, அதிலிருந்துதான் ஆற்றுக்குக் 'கேம்' என்ற பெயர் வந்தது.

குடும்பப்பெயருக்கு வேறு கணக்கு. ஊரிலேயே இருப்பவனை ஊர்ப்பெயரால் பிரித்துக் காட்ட முடியாது. பிழைக்கப் போன இடத்தில்தான் அது ஒட்டும். நிலவுடைமையாளர் விதிவிலக்கு. 12-ஆம் நூற்றாண்டில் ஹார்ட்பர்ன் வில்லியம் டரம் பகுதியின் வாஷிங்டனைப் பெற்றதும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்; ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் அவர். சஸ்ஸெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

1881 மக்கள்தொகைக் கணக்கில் பெயர் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி, 1837 ஜூலையில் தொடங்கிய அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு. அதற்கும் முன்னே, 1538-இல் ஆணையிடப்பட்ட தேவாலயப் பதிவேடுகள். சட்டன் போன்ற பெயரென்றால் 'தெற்குப் பண்ணை' என்ற பொருள் துளியும் உதவாது, அந்தப் பெயரில் ஊர்கள் அத்தனை. பதிவேடு நிற்கும் தேவாலய வட்டாரத்தைச் சுற்றியுள்ள சட்டன்களை மட்டும் எடுத்து, 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்களில் எஞ்சியவற்றோடு ஒத்துப்பாருங்கள்.