இடுப்புக்கு அவசரம், முட்டிக்குப் பொறுமை: எலும்பு முறிவு ஆபரேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பக்கத்து வீட்டு மாமாவுக்கு இடுப்பில் கம்பிதான் வைத்தார்கள், நம்ம அம்மாவுக்கு மட்டும் ஏன் மூட்டையே மாற்றச் சொல்கிறார்கள்?" பினாங்கு பொது மருத்துவமனையானாலும் செபராங் ஜெயாவானாலும் நம் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பதில் வருமுன்பே 'காசுக்காகச் சொல்கிறார்கள்' என்று முடிவுகட்டி, கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்காதீர்கள்.

எலும்பு எங்கே உடைந்தது என்பதை வைத்துத்தான் சிகிச்சை மாறுகிறது. தொடை எலும்பின் மேல்முனையில் இடுப்புக் குழிக்குள் சுழலும் பந்து இருக்கிறது; அதற்குக் கீழே ஒடுங்கிய பகுதிதான் கழுத்து. பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் முக்கியமானவை இந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து உடைந்து விலகினால் அவை அறுந்துபோகலாம். அப்போது ஸ்குரு போட்டாலும் எலும்பு ஒட்டாமல் போகலாம், பந்து செத்தும் போகலாம். அதனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். அதே முறிவு முப்பது வயதுக்காரருக்கு வந்தால், சொந்தப் பந்தைக் காப்பாற்ற ஸ்குரு போட்டுப் பார்ப்பார்கள். கழுத்துக்குக் கீழே உடைந்தால் ரத்த ஓட்டம் அவ்வளவாகக் கெடாது. எலும்புக்குள் செலுத்தும் கம்பியோ, ப்ளேட்டோடு சேர்ந்த சறுக்கு ஸ்குருவோ போதும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு அப்படி உடைந்திருக்கலாம்.

இடுப்பில் பெரிய தவறு நாள் கடத்துவது. வயதானவர்களுக்கு முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. "இந்த வயசில் தாங்குவாரா?" என்ற பயம் புரிகிறது. ஆனால் படுத்தே கிடந்தால் நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்ளே வைக்கும் கம்பிக்கும் ப்ளேட்டுக்கும் பணம் புரட்டுவது சிரமம் என்றால், அன்றைக்கே மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் பேசுங்கள். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளுக்கு மோட்டாரில் போகும் வழியில் விபத்து என்றால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் கேளுங்கள். வேலைக்குப் போய்வரும் வழி விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு.

"நடக்கிறாரே, உடைந்திருக்காது" என்று எண்ணெய் போட்டு உருவி விடுவது இன்னொரு ஆபத்து. தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் மட்டும் விழுந்தவர் நொண்டி நொண்டி நடக்க முடியும். உருவுவதால் அந்த விரிசல் விலகிவிட்டால், ஸ்குருவோடு முடிந்திருக்க வேண்டியது மூட்டு மாற்றும் வரை போகும். விழுந்த பிறகு கவட்டையில் வலி நீடித்தால், முதல் எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்றாலும் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். இடுப்பு அடி சில சமயம் முட்டி வலியாகவே தெரியும்.

முட்டியில் கதை தலைகீழ். கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு (முட்டி மூட்டைத் தாங்கும் பரப்பு) நொறுங்கியவரைச் சில நாள் படுக்க வைத்தால், "ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை?" என்று கோபப்படுகிறோம். வீங்கிப் பளபளக்கும் தோலை அறுத்தால் புண் ஆறாது, கிருமி தொற்றும். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழ வேண்டும். டாக்டர் அதைத்தான் தினமும் பார்க்கிறார். ஆனால் மருந்துக்கும் அடங்காத வலி, கால்விரலை அசைத்தாலே உயிர்போகும் வலி, மரத்துப்போவது என்றால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம், அதற்குக் காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கு அப்புறமும் இதே குழப்பம்தான். இடுப்பு ஆபரேஷன் முடிந்த பாட்டியை 'பாவம்' என்று வாரக்கணக்கில் படுக்க வைக்கிறோம். பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து நிற்கச் சொல்வார்கள். சறுக்கு ஸ்குரு வைத்திருந்தால், உடல் எடை இறங்கும்போது அது குழலுக்குள் கொஞ்சம் வழுக்கி, உடைந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதாவது, நடந்தால் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அது நடப்பதற்காகவே செய்யப்பட்டது.

முட்டி மேல்தட்டில் அப்படி இல்லை. அமுங்கிய பரப்பை டாக்டர் மேலே தூக்கி, அடியில் எலும்புத் துகள் நிரப்பி, ஸ்குருக்களால் தாங்கியிருக்கிறார். சிமெண்டு இறுகுமுன் முட்டுக்கட்டையை எடுத்தால் கூரை இறங்குவதுபோல, அவசரப்பட்டு காலை ஊன்றினால் அந்தப் பரப்பு மறுபடி அமுங்கும். பலருக்கு 6 முதல் 12 வாரம் வரை எடை போடக் கூடாது. முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சி மட்டும், டாக்டர் சொன்ன அளவுக்கு, சீக்கிரமே தொடங்க வேண்டும். முட்டிக்கு அடியில் தலையணை வைத்து நாளெல்லாம் கிடந்தால் சுகமாகத்தான் இருக்கும். அப்புறம் கால் முழுதாக நீளாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

சிகரெட்டும் கட்டுப்படாத சர்க்கரையும் எலும்பு ஒட்டுவதையும் புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; நம் இந்தியச் சமூகத்தில் இன்னும் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சும்மா வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்திருந்தால், எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். தையல் பிரித்ததோடு போவதை நிறுத்திவிடாதீர்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கால்சியம், வைட்டமின் டி, எலும்பை வலுப்படுத்தும் மருந்து பற்றி அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள். இன்னொரு பக்கத்து இடுப்பும் அதே உடம்பில்தான் இருக்கிறது.