ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் தர்மசங்கடக் கேள்விகள்

பிரேக் பிடிக்காத டிராம். நேரே விட்டால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பினால் ஒருவர். ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? தத்துவவியலாளர் பிலிப்பா ஃபுட் 1967இல் முன்வைத்த இந்தக் கேள்வி ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்களை நன்றாகப் பேசவைக்கும். ஆனால் கேட்ட உடனே பதில் எதிர்பார்த்தால் வகுப்பே வாய் திறக்காது. கருத்து இருக்கும், வாக்கியம் இருக்காது. முதலில் ‘ஐ வுட்... பிகாஸ்’, ‘ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்...’ என நான்கைந்து தொடக்கங்களைப் பலகையில் எழுதுங்கள். இரண்டு நிமிடம் குறிப்பெடுத்து, ஜோடியாகப் பேசிய பிறகுதான் முழு வகுப்பும் பேச வேண்டும். நடுவில் இலக்கணம் திருத்தவே கூடாது. பிழைகளைக் குறித்துவைத்து, பெயர் சொல்லாமல் கடைசியில் விளக்குங்கள்.

இப்படிக் கேள்விக்கு அன்றைய செய்தியை எடுப்பதானால், வகுப்பில் யாருடைய சாதியோ மதமோ அதில் அடிபடுகிறதா என்று முன்பே பாருங்கள். அடிபட்டால் சொந்தக் கருத்தைக் கேட்காதீர்கள்; யார் எந்தத் தரப்பைப் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.