விவிடி கியர் மாற்றும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடிக்குக் கடகடவென்று சத்தம், அப்புறம் அடங்கிவிடும். ஸ்கேனரை மாட்டினால் பி0011 அல்லது பி0016 என்று பழுதைக் குறிக்கும் கோடு (code) காட்டும். விவிடி கியரை, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கியரை, மாற்ற வேண்டும் என்று வண்டி வந்து நிற்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் இதில் செய்யும் தவறுகளைப் பார்த்தால், எங்கள் காலத்தில் நாங்கள் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். குறி பார்க்காமல் செயினை மாட்டுவது, ஆயில் ஊற்ற மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லவில்லை. அவை திட்டு வாங்கியே சரியாகிவிடும். பணத்தை விழுங்கும் தவறுகள் வேறு.

முதலில் கியருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெளிக்கூடு செயினோடு சுற்றும் பல்சக்கரம். உள்ளே இருக்கும் ரோட்டர், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டோடு நடு போல்ட்டால் இணைந்திருக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள அறைகளில் ஆயில் அழுத்தம் மாறும்போது, ரோட்டர் முன்னும் பின்னும் நகர்ந்து வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிறது. பல எஞ்சின்களில் இந்த நகர்வு கேம்ஷாஃப்ட் கணக்கில் 20 முதல் 30 டிகிரி வரை இருக்கும். எஞ்சின் நின்று அழுத்தம் இறங்கியதும் ஒரு சிறிய லாக் பின் ரோட்டரைக் கூட்டோடு பூட்டிவிடும். டொயோட்டா இதை விவிடி-ஐ என்கிறது, பிஎம்டபிள்யூ வேனோஸ் என்கிறது. பெயர் எதுவானாலும் ஆயிலால் நகரும் கியரில் அடிப்படை இதுதான்.

சத்தம் கேட்டதுமே கியரைக் கழற்றுவது

ஆயில் அளவு குறைந்திருக்கலாம், கெட்டியான ஆயில் ஊற்றியிருக்கலாம், கியருக்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பி0016 வந்தால் செயின் நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கேம்ஷாஃப்டும் கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றுதான் அந்தக் கோடு சொல்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை.

நடு போல்ட்டின் முறுக்கு விசையை லாக் பின் தலையில் ஏற்றுவது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வேறொரு ஒர்க்ஷாப்பில் கியர் மாற்றிய வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. புதுக் கியர் போட்டுச் சில வாரத்திலேயே பழைய சத்தம் திரும்பிவிட்டது. பார்ட் சரியில்லை என்று சொல்லி அவர்கள் இன்னொன்று போட்டார்கள். அதுவும் அப்படியே. கவரைத் திறந்ததும் நான் கியரைப் பார்க்கவில்லை, கேம்ஷாஃப்டில் ஸ்பேனர் பிடிப்பதற்கென்று இருக்கும் அறுகோணப் பகுதியைத்தான் பார்த்தேன். பழுப்பு நிற ஆயில் படிவு அதன் ஆறு பக்கத்திலும் கலையாமல் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு முறை கியர் மாற்றியும் யாரும் அங்கே ஸ்பேனர் வைக்கவே இல்லை. கழற்றிப் பார்த்தால் லாக் பின்னின் விளிம்பு உடைந்து, பின் இறங்கும் குழி முட்டை வடிவமாகிக் கிடந்தது.

நடந்தது இதுதான். கிராங்கைப் பூட்டி, செயினே கியரைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் தலை ரோட்டரை இழுக்கிறது, செயின் வெளிக்கூட்டை விடாமல் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்ன பின் மட்டும்தான். முழு விசையும் அதன் மேல் விழுகிறது. குறிப்பிட்ட விசைக்கு முறுக்கிய பிறகு கோணக் கணக்கில் இன்னும் 90 டிகிரி முறுக்க வேண்டிய எஞ்சினாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கியர் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே கெட்டுவிடுகிறது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வண்டிக்காரர் இரண்டு கியருக்கும் இரண்டு முறை கூலிக்கும் பணம் கொடுத்துவிட்டு நிற்கிறார்.

அறுகோணத்தில் ஸ்பேனர் போட்டுக் கேம்ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டால், விசை போல்ட்டுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடும். பின்னுக்கு ஒன்றும் போகாது. கழற்றும்போதும் இதே விதிதான். கேம்ஷாஃப்டின் பின்முனையில் சொருகும் டைமிங் பிளேட்டை நம்பி முறுக்குவதும் இதே தவறுதான். அந்தப் பிளேட் நிலையைக் காக்கத்தான், விசையைத் தாங்க அல்ல. பிளேட் வளைந்தால் டைமிங் நகரும், காடி உடைந்தால் கேம்ஷாஃப்டே போய்விடும். சில எஞ்சின்களுக்குக் கியரைப் பிடிக்கவே தனிக் கருவி உண்டு. அங்கே சர்வீஸ் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

முறுக்குவதற்கு முன் இன்னொன்று. கேம்ஷாஃப்ட் முனையில் டவல் பின் (கியரைச் சரியான நிலையில் உட்கார வைக்கும் சிறு முளை) இருந்தால், கியரை லேசாக அழுத்தியபடி மெல்லத் திருப்பி அது குழிக்குள் இறங்குவதைக் கையால் உணருங்கள். கியருக்கும் கேம்ஷாஃப்ட் முகத்துக்கும் இடையில் மயிரிழை இடைவெளிகூடத் தெரியக் கூடாது. போல்ட் இழுத்துக்கொள்ளும் என்று விட்டால் அந்த முகம் நசுங்கும்.

பழைய போல்ட்

கோணக் கணக்கில் முறுக்கும் போல்ட் ஒரு முறைக்குத்தான். புதியது போடுங்கள்.

கியரைப் பிரித்துப் பார்ப்பது

வேண்டாம்.

சின்ன வலையை மறப்பது

பல எஞ்சின்களில் சோலனாய்டு வால்வுக்குப் போகும் ஆயில் பாதையில் ஒரு மெல்லிய வலை ஃபில்டர் இருக்கும். சிலவற்றில் வால்வின் மேலேயே, சிலவற்றில் ஹெட்டில் ஒரு பிளக்குக்குப் பின்னால். தேய்ந்துபோன கியரின் உலோகத் துகள் அங்கேதான் தேங்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலையின் துளைகள் அடைத்திருந்தால் புதுக் கியருக்கும் ஆயில் பற்றாது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

கிராங்க் போல்ட்டை யோசிக்காமல் தளர்த்துவது

சில எஞ்சின்களில் கிராங்க் ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்), அதைத் தண்டோடு நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டை கிடையாது. போல்ட்டின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்திருக்கும். தளர்த்தினால் டைமிங் மொத்தமும் கையை விட்டுப் போகும்.

கையால் சுற்றாமல் ஸ்டார்ட் செய்வது

டைமிங் கருவிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கிராங்கை எஞ்சின் சுற்றும் திசையிலேயே சாக்கெட் போட்டு மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். பலத்தைக் காட்டினால் வால்வு வளையும். இரண்டு சுற்று முடிந்ததும் ஸ்பிராக்கெட் குறிகள் பழைய இடத்துக்கு வர வேண்டும், டைமிங் கருவி தட்டாமலே உள்ளே போக வேண்டும். செயினின் வண்ணக் கண்ணிகள் மட்டும் குறிக்கு நேராக வராது. பையன்கள் பதறுவது இங்கேதான். செயினின் கண்ணிக் கணக்கும் ஸ்பிராக்கெட் பல் கணக்கும் வேறு என்பதால் அவை மறுபடி நேராக வரப் பல சுற்று ஆகும். அதைப் பார்த்துவிட்டுச் சரியாக மாட்டிய செயினைக் கழற்றாதீர்கள்.

புதுக் கியருக்குள் ஆயில் நிறையும்வரை முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி சத்தம் வரலாம். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விடுங்கள். அப்புறம் ஸ்கேனரில் பழைய கோடுகளை அழித்து, அந்த எஞ்சினுக்கு உண்டென்றால் கேம்ஷாஃப்ட் அடாப்டேஷனையும் (எஞ்சின் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருக்கும் பழைய கணக்கு) ரீசெட் செய்யுங்கள்.