வீராணம் ஏரிக்கரையில் சைக்கிள்: முதன்முறை செல்பவர்களுக்கான வழிமுறை

அமைதியான ஏரிக்கரைச் சாலை ஒன்றில் காலை நேரத்தில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியைத்தான். சேத்தியாத்தோப்புக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் இடையே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே சாலை செல்கிறது. ஒருபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மறுபக்கம் கரைக்குக் கீழே தாழ்ந்து விரியும் நெல்வயல் என்று இத்தனை தூரம் ஒரே சீராகக் கிடைக்கும் சமதளச் சாலை தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இருமுறை தவறாகத் திட்டமிட்டு, மூன்றாம் முறைதான் இந்தப் பயணத்தைச் சரியாகச் செய்து முடித்தேன். அந்த மூன்றாவது திட்டத்தையே இங்கே விளக்குகிறேன். சைக்கிள் ஓட்டுவதற்கான அடிப்படைப் பயிற்சி உங்களுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்த ஏரியில் எல்லா மாதங்களிலும் தண்ணீர் இருப்பதில்லை. மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர் கொள்ளிடத்தின் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றின் வழியாகத்தான் வீராணத்தை அடைகிறது. இதனால் கோடையின் பிற்பகுதியில் சென்றால் வெடித்த மண்ணையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரையிலான காலமே என் தேர்வு. ஏரியில் நீர் நிரம்பியிருக்கும், நீர்ப்பறவைகள் கூட்டமாக இறங்கியிருக்கும், வெயிலும் ஒன்பது மணி வரை பொறுக்கும்படி இருக்கும்.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். கரை உயரமாகவும் திறந்தவெளியாகவும் இருப்பதால் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், காட்டுமன்னார்கோவிலில் தொடங்கி வடக்கு நோக்கிச் சென்றால் உடலில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றைச் சமாளித்துவிட்டு, திரும்பும்போது காற்றின் தள்ளுதலோடு வரலாம். ஆனி, ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வீசும் என்பதால் அப்போது சேத்தியாத்தோப்பிலிருந்து தொடங்குவதே சரி.

இரண்டாம் படி: வரைபடத்தில் வழி வரைதல்

என்னை இருமுறையும் இடறச் செய்தது இந்தப் படிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏரி என்றவுடன் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிழக்குக் கரையில் ஏறி மேற்குப் பக்கமாக இறங்கி வந்தால் அழகான ஒரு சுற்று கிடைக்கும் என்று எண்ணி, முதல்முறை கைபேசி காட்டிய வழியை அப்படியே பின்பற்றினேன். அது என்னை மேற்குப் பக்கத்தில், விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. லாரிகளும் பேருந்துகளும் உரசிச் செல்லும் அந்தச் சாலையில் ஏரியும் கண்ணில் படவில்லை, அமைதியும் இல்லை.

இரண்டாம் முறை நெடுஞ்சாலையைத் தவிர்க்க எண்ணி, செயற்கைக்கோள் படத்தில் நீரை ஒட்டித் தெரிந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்வாய்க்கரை எனப்படும் மேற்குக் கரைப் பக்கம் சென்றேன். முந்தைய நாள் மழை பெய்திருந்தது. தார் முடிந்து மண் தொடங்கிய இடத்திலிருந்து இருநூறு அடிகூடப் போயிருக்க மாட்டேன், கருங்களிமண் டயரில் அப்பி, பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டது. சக்கரம் சுழலவே மறுத்துவிட்டது. குச்சியால் சுரண்டச் சுரண்ட மீண்டும் அப்பியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "இந்தக் களி ஒட்டுனா விடாது தம்பி. உருட்டாதீங்க, தூக்கிக்கிட்டுப் போங்க" என்றார். அவர் சொன்னபடியே தூக்கி வந்துதான் தார்ச்சாலையைப் பிடித்தேன்.

ஏன் இப்படி என்பதை ஏரியின் அமைப்பைப் புரிந்துகொண்ட பிறகே உணர்ந்தேன். நம் ஏரிகள் பெரும்பாலும் குளத்தைப் போல நாற்புறமும் கரை கட்டித் தோண்டப்பட்டவை அல்ல. சரிவாக இறங்கும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வலுவான கரையை எழுப்பி, மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் நீரைத் தேக்குவதே முறை. வீராணத்தில் தாழ்ந்த பக்கம் கிழக்கு. பாசன மதகுகளில் பெரும்பாலானவையும் வண்டி செல்லும் உறுதியான கரையும் அங்கேதான் இருக்கின்றன. மேற்கிலிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை போன்ற ஓடைகள் ஏரிக்குள் இறங்குவதால், அந்தப் பக்கத்தில் தொடர்ச்சியான நல்ல சாலையை எதிர்பார்ப்பதே தவறு. வேறு எந்த ஊரின் ஏரிக்குச் சென்றாலும், மதகுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். சைக்கிளுக்கான சாலையும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஆகவே வட்டத்தை மறந்துவிட்டு, கிழக்குக் கரையிலேயே போய் அதே வழியில் திரும்புங்கள். காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை, கந்தகுமாரன், பூதங்குடி, சேத்தியாத்தோப்பு என்ற வரிசையில் போக 20, வர 20 என்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரும். ஒரே சாலையில் இருமுறை செல்வது சலிக்குமோ என்று தயங்க வேண்டாம். நம் சாலைகளில் இடப்பக்கமாகச் செல்வதால் வடக்கு நோக்கிப் போகும்போது ஏரி உங்கள் கைப்பக்கத்திலேயே இருக்கும், திரும்பும்போது வயல்கள் அருகில் வரும். காலை ஒளியில் இரண்டும் வேறு வேறு பயணங்களாகவே அமைகின்றன.

வழி வரைவதற்கு நான் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்கும் ஓஸ்மேண்ட் செயலியையே பயன்படுத்துகிறேன். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே இயங்கும் என்பதோடு, எந்தப் பாதை மண்பாதை என்பது பதியப்பட்டிருந்தால் அதையும் கோட்டின் வடிவிலேயே காட்டிவிடும். கூகுள் மேப்ஸின் செயற்கைக்கோள் படத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாகச் செல்வது தார்ச்சாலை. பழுப்பு நிறத்தில் அகலம் கூடியும் குறைந்தும் செல்வது மண்பாதை. நடைப்பயண வழியைக் கேட்டால் அது வாய்க்கால் வரப்புகளிலெல்லாம் இட்டுச் செல்லும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: டயரும் கருவிகளும்

மெல்லிய 25 மில்லிமீட்டர் டயரை விட 32 மில்லிமீட்டர் டயரே இந்த வழிக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. கரையோரத்துச் சீமைக்கருவேல முள் சாலையில் எங்கும் உதிர்ந்து கிடக்கும். மாற்று டியூப் இரண்டு, டயர் நெம்பி, கைப்பம்பு ஆகியவை கட்டாயம். டயரில் சட்டென்று காற்று நிரப்பும் சிறு காற்றுக் குப்பிகளை நான் பரிந்துரைப்பதில்லை, அவை தீர்ந்துவிட்டால் வழியில் வாங்க முடியாது. பஞ்சரானால் புதிய டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று மெதுவாகத் துடையுங்கள். முள்ளின் நுனி வெளியே தெரியாமல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். துணியின் நூல் சிக்கும் இடத்தில்தான் அது இருக்கும்.

நான்காம் படி: பயணம்

சென்னையிலிருந்து வருபவர்கள் ரயிலில் சிதம்பரம் வந்து, சைக்கிளோடு காட்டுமன்னார்கோவிலுக்குச் சென்று முந்தைய இரவே தங்கிவிடுவது நல்லது. விடியும் நேரத்தில், விளக்குகளைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். வீரநாராயணப் பெருமாள் கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். அவன் மகன் இராஜாதித்தனின் படை வெட்டிய ஏரி இது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வீரநாராயண ஏரி என்ற பெயரே வீராணம் என்று மருவியது.

லால்பேட்டையைத் தாண்டியதும் கரையில் ஏறிவிடலாம். இது பேருந்தும் செல்லும் சாலைதான் என்பதை மறக்காமல், இருவர் சென்றாலும் ஒருவர் பின் ஒருவராகவே செல்லுங்கள். வடகோடியில் பூதங்குடியில் சற்று நின்று பாருங்கள். 2004 முதல் இந்த ஏரியின் நீர் இங்கிருந்து குழாய் வழியே சென்னைக்குக் குடிநீராகச் செல்கிறது. நகரத்தில் குழாயைத் திறந்து இந்த நீரைக் குடித்து வளர்ந்தவன் என்ற முறையில், அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சம்பா அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல்லைக் காயவைத்திருப்பார்கள். ஓரத்தில் கற்களையோ முள் கிளைகளையோ வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். பெண்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடப்பார்கள். அதன் மேல் ஓட்டாமல் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. வைக்கோல் பரப்பிய இடங்களிலும் இறங்கிவிடுங்கள், பின்சக்கரத்தின் கியர் மாற்றியில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் அதன் கம்பியே வளைந்துவிடக்கூடும்.

பிற்சேர்க்கை

இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சென்றுவந்த வாசகர் ஒருவர், சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது கரும்பு டிராக்டர்களால் சிரமப்பட்டதாக எழுதியிருந்தார். நான் குறிப்பிடத் தவறிய செய்தி இது. அங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், அரைவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாகச் செல்லும். கரும்பின் நுனிகள் வண்டியின் அகலத்தைத் தாண்டி இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். தோள் உயரத்தில் வரும் அவை முகத்தில் கீறிவிடும். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டால் சாலையை விட்டு முழுவதும் இறங்கி நின்று வழிவிடுங்கள். அரைவை நடக்கும் மாதங்களில் ஊருக்குள் செல்லாமல் பூதங்குடியிலேயே திரும்பிவிடலாம். கரைச் சாலையின் அழகான பகுதி அனைத்தும் அதற்குள் வந்துவிடுகிறது.